மறுகரையில் கடைசி இருவர்

உமிகிரி என்றால் ஜப்பானிய மொழியில் கடல்மூடுபனி. அந்தப் பெயரில் ஒரு வீடியோ கேம் கம்பெனி, ஒனோமிச்சி என்கிற சின்னத் துறைமுக நகரத்தில் ஏழு வருடம் இருந்தது. மலைச்சரிவில் ஏறும் கல்படிகளில் பாதித் தூரத்தில் ஒரு மரக் கிடங்கு, ஒரு காலத்தில் பாய்மரத் துணி அடுக்கி வைத்திருந்த இடம். அதுதான் ஆபீஸ். ஒன்பது பேர் வேலை பார்த்தார்கள். ஏழு வருடத்தில் ஒரே ஒரு விளையாட்டைத்தான் செய்தார்கள். 2041 நவம்பரில் மூடிவிட்டார்கள். வீடியோ கேம்களின் வரலாறு எழுதுகிறவர்கள் உமிகிரியைப் பற்றி இன்றும் ஒரு வரிதான் எழுதுகிறார்கள்: ‘தொழில்நுட்பக் காரணங்களால் சேவை நிறுத்தப்பட்டது.’

அந்தத் தொழில்நுட்பக் காரணத்தைக் கண்டுபிடித்தவள் தூத்துக்குடிக்காரி. பெயர் ஜெசிந்தா.

விளையாட்டின் பெயர் மறுகரை. தூக்கத்தில் ஆடுவது. நெற்றியில் ஒரு மெல்லிய பட்டையைக் கட்டிக்கொண்டு படுத்தால், தூக்கம் பிடித்த கொஞ்ச நேரத்தில் உப்பு வாசனை வரும். எங்கோ படகு ஒன்று ஊதும். கண்ணைத் திறந்தால் ஒரு துறைமுக ஊர். சண்டை இல்லை, புள்ளிகள் இல்லை, ஜெயிப்பது தோற்பது இல்லை. படி ஏறலாம், இறங்கலாம். கடையில் நின்று மீன் வாங்கலாம். அதே நேரத்தில் வேறெங்கோ தூங்கிக்கொண்டிருக்கும் இன்னொருவரை அங்கே சந்தித்துப் பேசலாம். காலையில் எழுந்தால் ஒரு நாள் லீவு எடுத்துக் கடற்கரைக்குப் போய்வந்தது போல உடம்பு லேசாக இருக்கும்.

நிறுவனர் தொகுனாகா முன்பு ஒரு ஆஸ்பத்திரியில் தூக்கமின்மை நோயாளிகளுக்கான பிரிவில் வேலை பார்த்தவர். பேசும்போது கையில் ஏதாவது ஒரு சின்னப் பொருளை உருட்டிக்கொண்டே இருப்பார். ஜெசிந்தா வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவளிடம் ஒரு பென்சிலை உருட்டியபடி சொன்னார்:

“நாம ஊரக் கட்டல, ஜெசிந்தா-சான். ஒரு வாசனை, ஒரு சத்தம், கொஞ்சம் குளிர் காத்து, அவ்வளவுதான் நாம அனுப்புறது. பத்துல ஒரு பங்கு. மிச்ச ஒன்பது பங்க தூங்குறவங்க மூளையே கட்டிக்குது.”

“அப்போ ஆளுக்கு ஒரு ஊரால்ல தெரியணும்? எல்லாரும் எப்படி ஒரே ஊரப் பாக்குறாங்க?”

“அதத்தான் பட்டை செய்யுது. ஒருத்தர் மூளை ஒரு படிக்கட்டு கட்டினா, அத எடுத்து எல்லாருக்கும் அனுப்பிடும். இன்னொருத்தர் ஒரு ஜன்னல் கட்டினா அதையும். எல்லாரும் சேந்து பின்னுன பாய் மாதிரி.”

அவளுக்கு அது பிடித்துப்போனது. மதியம் சாப்பிட்டதும் கிடங்கின் மாடியில் பாய் விரித்துப் படுத்து, பட்டையைக் கட்டிக்கொண்டு, மறுகரையில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று சுற்றிப் பார்ப்பதுதான் அவள் வேலை. நாலு வருடம் அப்படிச் சுற்றினாள். அந்த ஊரில் மழை பெய்தால் தெரு நனையும், ஆள் நனைவதில்லை. எத்தனை மணிக்குப் போனாலும் மாலை வெயில் படிகளில் சாய்ந்து கிடக்கும். புதிதாக ஒரு சந்து முளைத்திருக்கும். யாரோ ஒருவரின் சின்ன வயதுச் சந்து. அதற்குள் நுழைந்தால் தன்னுடையதல்லாத ஒரு சந்தோஷம் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அவள் வேலைக்குச் சேர்ந்த ஐந்தாவது வருடக் கோடையில் ஒரு நாள் காலை, எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண் படியேறி ஆபீசுக்கு வந்தார். கையில் ஒரு துணி மூட்டை. பெயர் ஒகாபே செத்சுகோ என்றும் எதிர்த் தீவில் வீடு என்றும் சொன்னார். மூட்டையை அவிழ்த்து, நெற்றிப்பட்டையை எடுத்து, மேஜைமேல் இரண்டு கையாலும் மரியாதையாக வைத்தார்.

“இத நீங்களே வச்சுக்குங்க.”

“ரிப்பேரா, அம்மா?” என்று கேட்டாள் ஜெசிந்தா.

“பட்டை நல்லாத்தான் இருக்கு. என் வீட்டுக்காரரத்தான் காணோம்.”

ஆபீசில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். செத்சுகோ அவசரப்படாமல் சொன்னார். கணவர் ஷிகெரு, தீவுக்குப் போகும் படகில் டிக்கெட் பரிசோதிக்கிறவராக முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவர். அவர் இறந்து பதினோரு வருடம். ஆனால் மாதத்துக்கு ஒரு தடவையாவது கனவில் வருவார். பெரிதாக ஒன்றும் பேசமாட்டார். இருமிக்கொண்டே வந்து உட்காருவார், கால்சட்டையின் மடிப்பை இறக்கிவிட்டுக்கொள்வார், போய்விடுவார்.

“மக இந்தப் பட்டைய வாங்கிக் குடுத்தா. மத்தியானம் ஒரு மணி நேரம் போட்டுக்குவேன். ஊரு நல்லாத்தான் இருந்துச்சு, குறை சொல்லல. ஆனா ரெண்டு வருஷமா அவர் வரல. உங்க ஊர்லயும் தேடிப் பாத்துட்டேன். அங்கயும் இல்ல.”

ஜெசிந்தா அவருக்குத் தேநீர் கொடுத்து, பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தாள். அவர் படியிறங்கி மறையும்வரை வாசலில் நின்றாள். பிறகு அவளுக்கு ஒன்று தோன்றியது. அங்கேயே, வெயிலில், படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்கு ஒரு அண்ணன் இருந்தான். பிரிட்டோ. தூத்துக்குடியில் சங்கு குளிக்கப் போகிறவன். அவள் கோயம்புத்தூரில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது கடலுக்குள் போனவன் மேலே வரவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் கிடைத்தான். அதற்கப்புறம் அவள் கனவில் அடிக்கடி வருவான். ஈரத்தலையோடு கதவோரம் நிற்பான். ஜப்பானுக்கு வந்த முதல் வருடம்கூட வந்தான். எப்போது நின்றது? அவளால் நினைவுபடுத்த முடியவில்லை. வராமல் போனது வலிக்கவில்லை. வரவில்லை என்பதையே கவனிக்காமல் இருந்ததுதான் வலித்தது.

மூன்று வாரம் அவள் பட்டைகளின் பதிவுகளைத் தோண்டினாள். மறுகரையில் ஊர்க்காரர்களாக நடமாட நாற்பது பேரைத்தான் கம்பெனி ஓவியர் வரைந்து கொடுத்திருந்தார். மீன்காரி, விளக்கேற்றுபவர், தபால்காரர் என்று. முகம் மட்டும்தான் கம்பெனியுடையது. நடை, குரல், சிரிப்பு எல்லாவற்றையும் தூங்குகிறவர்களின் கனவிலிருந்து பட்டை எடுத்துக்கொண்டிருந்தது. மூளை எதை மிகத் தெளிவாகக் கட்டுகிறதோ, எதில் பிரியம் அதிகமோ, அதை முதலில் எடுத்தது. அப்படிப் பிரியத்தோடு கட்டப்பட்டவர்கள் பெரும்பாலும் இறந்துபோனவர்கள்.

தொகுனாகாவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“இந்த மீன்காரி இருமுறா பாருங்க, அது ஒகாபே அம்மாவோட வீட்டுக்காரர் இருமல். தபால்காரர் குனிஞ்சு கால்சட்டைய இறக்கிவிடுறாரே, அதுவும் அவர்தான். அவர் இங்கதான் இருக்காரு. துண்டு துண்டா இருக்காரு. அதான் அவங்களுக்கு அடையாளம் தெரியல.”

அவர் கையில் இருந்த பேனா மூடியை உருட்டுவதை நிறுத்தினார். “சரி. ஒரு நகல்தானே எடுத்தோம்? அசல் அவங்ககிட்டயே இருக்கணுமே?”

“கனவுக்கு நகல் கிடையாது, ஸார். மூளை பழக்கத்துக்கு அடிமை. தெனமும் ஒரு சாமான யாரோ வந்து வாங்கிட்டுப் போறாங்கன்னா, அத வாசல்லயே எடுத்து வச்சிடும். வீட்டுக்குள்ள தேடினா இருக்காது.”

“பட்டையக் கழட்டிட்டா?”

“ஒகாபே அம்மா கழட்டி நாலு மாசம் ஆச்சாம். இன்னும் வரல. வாங்குற ஆள் தெருவுல நிக்கிறவரைக்கும் மூளை அவங்களுக்காகத்தான் எடுத்து வைக்கும்னு நெனைக்கிறேன். ஊரே இல்லாமப் போனாத்தான் எல்லாம் வீடு திரும்பும்.”

தொகுனாகா வெகுநேரம் ஜன்னல் வழியே கால்வாய் போன்ற அந்தக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்த் தீவுக்குப் படகு ஒன்று போய்க்கொண்டிருந்தது.

“எங்கப்பா என் கனவுல வந்து ஆறு வருஷம் ஆச்சு,” என்றார். “எனக்கு வயசாகுதுன்னுல்ல நெனச்சேன்.”

மூடிவிடுவது என்று ஒன்பது பேரும் உட்கார்ந்து முடிவெடுத்தார்கள். ஆனால் அது அவ்வளவு லேசாக முடியவில்லை. காரணத்தை ஒளிக்காமல் எழுதி, தொண்ணூறு நாளில் மறுகரை நிறுத்தப்படும் என்று ஆடுகிறவர்கள் எல்லாருக்கும் அனுப்பினார்கள். பலர் நன்றி சொன்னார்கள். பலர் திட்டினார்கள். நிஷிதா என்பவர் வீடியோவில் பேசவேண்டும் என்று கேட்டார். கட்டடத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்து ஒன்பது வருடமாகப் படுக்கையில் இருப்பவர். தொகுனாகாவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஜெசிந்தாதான் பேசினாள்.

“நான் அங்க நடக்குறேன்,” என்றார் நிஷிதா. “உங்களுக்குத் தெரியுமா? படி ஏறுனா எனக்கு மூச்சு வாங்குது. அந்த மூச்சு வாங்குறதுக்காகத்தான் நான் தூங்குறேன்.”

“தெரியும், நிஷிதா-சான். உங்கள அங்க பாத்திருக்கேன்.”

“எனக்குன்னு செத்துப்போனவங்க யாரும் இல்ல. என்கிட்டருந்து நீங்க எதையும் எடுக்கல. என்னைய ஏன் வெளியே தள்றீங்க?”

“நீங்க ஏறுற படிக்கட்டு யாரோ ஒருத்தரோட அம்மா வீட்டுப் படிக்கட்டு. அவங்களுக்கு அது இப்போ கனவுல வர்றதில்ல. அவங்க கேக்குறாங்க. திருப்பிக் குடுக்கணும்.”

“அவங்களுக்குக் கனவு. எனக்குக் கால்.”

மன்னிச்சிடுங்க என்றாள்.

“மன்னிக்கிற அளவுக்கு நான் நல்லவன் இல்ல,” என்று சொல்லி அவர் திரையை அணைத்தார். அதற்கப்புறம் அவர் அவளிடம் பேசவே இல்லை. அந்தக் குரலை அவள் வாழ்நாள் முழுக்க சுமந்தாள்.

டோக்கியோவிலிருந்து ஒரு பெரிய கம்பெனி ஆள் அனுப்பியது. எங்களிடம் கொடுத்துவிடுங்கள், இன்னும் பெரிதாக நடத்துகிறோம் என்றார்கள். தொகுனாகா அவர்களுக்குச் சோறு போட்டு அனுப்பிவைத்தார். அடுத்த நாள் முதல் ஒன்பது பேரும் தாங்கள் ஏழு வருடம் எழுதியதைத் தாங்களே ஒவ்வொரு பகுதியாக அழிக்கத் தொடங்கினார்கள். கோவில் திருவிழா முடிந்து பந்தல் பிரிப்பது போல அது அமைதியாக நடந்தது.

கடைசி நாள் பிற்பகல், ஊருக்குள் யாராவது மிச்சமிருக்கிறார்களா என்று பார்க்க ஜெசிந்தா பாயை விரித்துப் படுத்தாள்.

மறுகரையில் மூடுபனி இறங்கியிருந்தது. கடைகள் திறந்திருந்தன, விற்க ஆள் இல்லை. படிகளில் மட்டும் அந்தப் பழைய வெயில். அவள் ஒவ்வொரு சந்தாக நடந்து, அங்கங்கே இன்னும் நின்றுகொண்டிருந்தவர்களிடம் நேரமாகிவிட்டது என்று சொன்னாள். அவர்கள் தலையாட்டிவிட்டு மெல்லக் கரைந்து எழுந்து போனார்கள். நிஷிதா மேல் படியிலிருந்து கீழ்ப்படிவரை ஓடி வந்தார். அவளைத் தாண்டி மறுபடி மேலே ஓடினார். அவள் கூப்பிடவில்லை. அவர் மூச்சிரைக்கும் சத்தம் பனிக்குள் தேய்ந்து போகும்வரை நின்றாள்.

படகுத்துறையில் ஒரு பெஞ்சில் செத்சுகோ உட்கார்ந்திருந்தார். மகளிடம் பட்டை கடன் வாங்கி வந்தேன் என்றார்.

“கடைசியா ஒருதரம் தேடிட்டுப் போலாம்னு வந்தேன். நீ யாரத் தேடுற?”

“எங்க அண்ணன.”

“உக்காரு.”

உட்கார்ந்தாள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊர் பிரிந்தது. முதலில் தூரத்து ஜன்னல்கள் போயின. பிறகு சந்துகள். பிறகு படிகள் ஒவ்வொன்றாக எழும்பி, பறவைகள் கலைவதுபோலத் தத்தம் சொந்தக்காரர்களைத் தேடிப் போயின. மீன்காரியின் இருமல் ஒருமுறை கேட்டது. யாரோ தண்ணீரை உதறும் சத்தம் கேட்டது. கடைசியில் பெஞ்சும் இல்லை. உப்பு வாசனை மட்டும் இருந்தது. இரண்டு பேர் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருப்பது மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் விட்டுப்போனது.

குளிர்காலம் முடியும் சமயத்தில் கடிதங்கள் வரத் தொடங்கின. அம்மா வந்தாள் என்று ஒருவர். செத்துப்போன நாய் வந்து காலை நக்கியது என்று ஒருவர். தொகுனாகா தன் அப்பா வந்து வழக்கம்போலத் திட்டினார் என்று போனில் சொல்லிச் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்த முடியாமல் அழுதார். ஜெசிந்தா ஒனோமிச்சியிலேயே ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வேலை செய்துகொடுத்தபடி காத்திருந்தாள். மார்ச்சில் அவளுக்கும் கனவு வந்தது.

கதவோரம் ஒரு ஆள் நின்றார். அண்ணன் இல்லை. வயதான ஜப்பானியர், நீலத் தொப்பி, கையில் டிக்கெட்டில் துளை போடும் கருவி. இருமினார். வந்து உட்கார்ந்து கால்சட்டை மடிப்பை இறக்கிவிட்டுக்கொண்டார். “முட்டைச் சுருளுக்குச் சர்க்கரை போட வேணாம்னு சொல்லு,” என்றார். “நாப்பது வருஷமாச் சொல்லணும்னு இருந்தேன்.” அடுத்த வாரமும் அவரே வந்தார்.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. கடைசியாக அந்த ஊரில் இருந்தவர்கள் இரண்டு பேர். சிதறிக் கிடந்த துண்டுகள் ஒன்றுகூடி வீடு திரும்பும்போது, பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு கதவுகளை மாற்றித் தட்டிவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் படகேறித் தீவுக்குப் போனாள். செத்சுகோ சமையலறையில் உட்காரவைத்தார். ஜெசிந்தா தான் கண்டதைச் சொன்னாள். இருமல், தொப்பி, சர்க்கரை எல்லாம். செத்சுகோ ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். கண் நிறைந்து வழிந்தது. ஆனாலும் உதட்டில் ஒரு குறும்பு வந்தது.

“அவருக்குச் சர்க்கரை பிடிக்காதுன்னு எனக்குத் தெரியும். எனக்குப் பிடிக்குமே. அதான் தெரிஞ்சே போட்டேன்.” கை துடைத்த துணியை மடித்து வைத்தார். “தொப்பி போட்டுட்டா வர்றார்? என்கிட்ட வரும்போது தொப்பி இருக்காது. முதல் தடவை வர்ற வீடுன்னு மரியாதையா வந்திருக்கார்.”

பிறகு எழுந்து போய், சுவரில் மாட்டியிருந்த காலண்டரை எடுத்து வந்தார்.

“என்கிட்ட ஒரு பையன் வர்றான்,” என்றார். “கறுப்பா, ஒல்லியா. எப்பவும் தலை ஈரம். என்னைப் பாத்துச் சிரிச்சிட்டு ஒரே விஷயத்தத் திரும்பத் திரும்பச் சொல்றான். எனக்கு ஒண்ணும் புரியல. காதுல விழுந்தத எழுதி வச்சிருக்கேன். நீ வருவேன்னு தெரியும்.”

மார்ச் மாதத் தாளின் பின்பக்கத்தில் ஜப்பானிய எழுத்தில் இரண்டு வரி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு செத்சுகோ நிதானமாகப் படித்தார்.

“ஏத்தி. கீரா... இருத்தே இர்ராத்தி. பாயாப்பதாதே.”

ஜெசிந்தாவுக்குப் புரியவில்லை. இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். மூன்றாம் முறை தானே வாய்விட்டு, வேகமாகச் சொல்லிப் பார்த்தாள். நாக்கு தானாக மடங்கியது. எழுத்துகளுக்குள்ளிருந்து தூத்துக்குடி எழுந்து வந்தது.

ஏட்டி. கீழ இருட்டே இல்லட்டி. பயப்படாத.

இந்த வாக்கியத்தை அண்ணன் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அவன் உயிரோடு இருந்தபோது அதற்கு அவசியமும் இருக்கவில்லை. கேட்கவேண்டும் என்று அவள் ஏங்கி ஏங்கி, அவளுடைய மூளையே அதைக் கட்டி, பத்திரமாக இருக்கட்டும் என்று இன்னொருவர் வீட்டில் கொடுத்து வைத்திருக்கலாம். இல்லை, அப்படி இல்லாமலும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கும் கருவியை அவர்கள் ஒன்பது பேரும் தங்கள் கையாலேயே அழித்துவிட்டார்கள்.

“என்ன சொல்றான்?” என்று கேட்டார் செத்சுகோ.

அவள் ஜப்பானிய மொழியில் சொன்னாள். செத்சுகோ கண்ணாடியைக் கழற்றினார்.

“இது உனக்கு மட்டும் சொன்னது மாதிரி இல்லையே. உங்க அம்மா இருக்காங்களா?”

தூத்துக்குடியில் அப்போது காலை ஏழரை மணி. அம்மா அமலோற்பவம் முதல் பூசை முடிந்து வந்திருப்பாள். ஜெசிந்தா போனை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். பதினைந்து வருடத்தில் ஆறிவிட்டது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கும் புண். அதில் கை வைக்க நமக்கு என்ன உரிமை என்று தோன்றியது. செத்சுகோ கழற்றிய கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

“என்னட்டி, காலையிலேயே?” என்றாள் அம்மா. “ஒடம்பு சரியில்லையா?”

“ஒண்ணுமில்லம்மா. இங்க ஒரு அம்மா இருக்காவ. ஒங்ககிட்ட ஒண்ணு படிச்சுக் காட்டணுமாம். சும்மா கேளுங்க.”

“எனக்கு ஜப்பான்காரி பேச்சு என்ன வெளங்கும்?”

“கேளுங்கம்மா.”

செத்சுகோ போனுக்கு முன்னால் நேராக உட்கார்ந்தார். தலையை ஒருமுறை தாழ்த்தினார். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். அவருடைய மெல்லிய குரலில் ட-வும் இல்லை, ழ-வும் இல்லை, ல-வும் இல்லை. எந்த மொழியும் அதைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளாது.

மறுமுனையில், தெருவில் ஒரு ஆட்டோ போனது. எங்கோ ஒரு குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அம்மா போனைக் கீழே வைத்துவிட்டாளோ என்று ஜெசிந்தா திரையைப் பார்த்தாள்.

“ஏட்டி,” என்றாள் அம்மா. குரல் ரொம்ப மெதுவாக வந்தது. யார் என்று கேட்கவில்லை, எப்படி என்றும் கேட்கவில்லை. “அந்த அம்மாவ இன்னொருக்கா சொல்லச் சொல்லு.”

ஜெசிந்தா மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. செத்சுகோ காலண்டரை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, முதல் எழுத்திலிருந்து தொடங்கினார்.